சாட்சிக்கு ஒரு பலா மரம்

கூடலூர் தாலுகா ஆபீசுக்குப் போகிற ரோட்டில் ஒரு டைப்பிங் கடையில் 1992-லிருந்து பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தேன். மனு ஒன்றுக்கு முதலில் மூன்று ரூபாய், பிறகு ஐந்து, கடைசியில் பத்து. கார்பன் வைத்து மூன்று காப்பி: ஒன்று ஆபீசுக்கு, ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று மனுதாரர் வீட்டுத் தகரப்பெட்டிக்கு. மூன்றில் பத்திரமாக இருந்தது பெட்டிக்குப் போனதுதான்.

மனு எழுதுவதற்கும் ஒரு இலக்கணம் உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, ‘ஐயா’ என்று ஒரு வரி விட்டு, ‘நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஆயுளின் கஷ்டத்தை நடுவில் ஆறு வரிக்குள் அடக்கிவிட்டு, ‘தாங்கள் கருணை கூர்ந்து’ என்று இறங்கி, ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்க வேண்டும். என் ரெமிங்டனில் முதலில் தேய்ந்தது ‘க’ எழுத்து. கருணை அடித்து அடித்தே தேய்ந்துபோச்சு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். தமிழில் எதை அடித்தாலும் ‘க’ தேயத்தான் செய்யும். டைப் படித்தவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பொருள்தான், பட்டா. அதற்கு அடுத்தது கரண்ட். இரண்டும் கிடைக்காததற்கு ஒரே காரணம். ‘செக்சன் பதினேழு’ என்றால் கூடலூரில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். இந்த மலைகள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம பூமி, அதாவது பரம்பரைச் சொத்து. எஸ்டேட்டுகள் எல்லாம் கோவிலகத்திடம் குத்தகைக்கு எடுத்தவைதான். 1969-ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974-ல் அமலுக்கு வந்தது. அதன் கீழ் வந்த நிலம் எண்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலம் எஸ்டேட்டுக்கா, காட்டிலாகாவுக்கா, குடியிருப்பவனுக்கா என்று கோர்ட்டுகளில் இழுத்துக்கொண்டே போனது. முடிவு வராத நிலத்தில் மின்கம்பம் நட மாட்டார்கள். நான் பிறந்த வருடம் அமலுக்கு வந்த சட்டத்தால் என் மகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள்.

மனு அடிக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு மனுவின் மேல்தான் பொறாமை. கோவிலகத்துக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று 1995-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போட்டது அது. 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு காடு என்ற சொல்லுக்கே புதிதாக அர்த்தம் சொல்லி, நாடு முழுக்கக் கோடாலியை நிறுத்தி வைத்தது. எங்கள் ஊர்க் காட்டைப் பற்றிய ஒரு மனு அருணாசலப் பிரதேசத்து மர மில்களை மூடியது. நான் அடித்த ஆயிரக்கணக்கான மனுக்கள் ஒரு மின்கம்பத்தைக்கூட நகர்த்தவில்லை. அந்த உத்தரவால் காடு பிழைத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. காட்டோரத்தில் பேப்பர் இல்லாமல் இருந்தவர்களுக்கு மட்டும் முடிச்சு இன்னும் இறுகியது.

பேப்பர் என்றால் எங்கள் வீட்டில் குறைவே கிடையாது. அப்பாவின் தகரப்பெட்டியில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது, குடும்ப அட்டை இருந்தது, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு இருந்தது, இலங்கையில் மஸ்கெலியாவில் அவர் வேலை செய்த தோட்டத்தின் கணக்குச் சீட்டுகூட இருந்தது. 1964 அக்டோபரில் இந்தியாவின் சாஸ்திரியும் இலங்கையின் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டபோது, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளிக்காரர்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேரை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் கணக்கு. ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் அப்புறம் பார்க்கலாம். அப்புறம் பார்த்தது 1974-ல், ஆளுக்குப் பாதி. எங்கள் குடும்பம் 1979-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. எனக்கு ஐந்து வயது. கடலைப் பற்றி ஒன்றும் ஞாபகம் இல்லை. ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அம்மா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டதும், அந்த மண் சுட்டதில் கையை உதறிக்கொண்டதும்தான் ஞாபகம்.

அட்டையில் அப்பாவுக்குப் போட்டிருந்தது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தை சமவெளியில் ஒரு ஊரில் இறக்கி, போய் வியாபாரம் செய் என்றார்கள். ஊரைச் சொல்லவில்லை, அந்த ஊர்மேல் தப்பில்லை. அப்பா வெங்காயம் விற்றார். எட்டு மாதத்தில் கடனும் போனது, வெங்காயமும் போனது. நீலகிரியில் தேயிலை இருக்கிறது, நம்ம ஆட்கள் அங்கே போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னதும் அம்மா மறுபேச்சு பேசாமல் சட்டிபானையைக் கட்டினாள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலை ஏறி, குன்னூர் தாண்டும்போது ஃபாக்டரியில் தேயிலை வறுபடும் வாசனை வந்ததாம். அம்மா அழுதாள் என்று அப்பா சொல்வார். வாந்தி வந்தது என்று அம்மா சொல்வாள்.

தாயகம் திரும்பியோருக்கென்றே அரசு 1968-ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. அதுதான் பிறகு டேன்டீ ஆனது. அதற்குள் போகும் அதிர்ஷ்டம் எங்களுக்கு இல்லை. எங்கள் அட்டை வேறு. பந்தலூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் அம்மா தற்காலிக ஆளாகச் சேர்ந்தாள். சிலோனில் லயம் என்ற வரிசை வீடுகளை இங்கே பாடி என்றார்கள். பெயரைத் தவிர பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வீடு இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவம் இருந்தது, வைத்தியம் இருந்தது. தற்காலிக ஆளை வருடக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருந்தால் அது ஒன்றும் தராமலே தப்பித்துக்கொள்ளலாம். அம்மா ஒரு சங்கத்தில் போய்ச் சொன்னாள். பெயர் வேண்டாம். சந்தா நிரந்தர ஆளிடம்தான் பிடிப்போம், நிரந்தரம் ஆனதும் வாங்கம்மா என்றார்கள். அந்தப் பதிலின் நேர்மையை இன்றும் வியக்கிறேன்.

கடைசியில் பாடியை விட்டு வெளியே வந்து, எஸ்டேட் முடிந்து காடு தொடங்கும் ஒரு சரிவில் அரை ஏக்கர் சொச்சத்தை அப்பா வெட்டித் திருத்தினார். கப்பைக் கிழங்கு நட்டார், மண்சுவர் எழுப்பினார். வேலி போடும்போது ஒரு பெரிய பலா மரம் உள்ளே வந்துவிட்டது. யார் வைத்த மரம் என்று கேட்கத் தோன்றவில்லை. காட்டு மரம் என்று நினைத்தோம். சரிவுக்குக் கீழே ஒரு பணியர் காலனி இருந்தது, ஏழெட்டு மூங்கில் வீடுகள். அங்கிருந்து ஒரு பாட்டி வருவாள். அப்போது அவளுக்கு வயது அதிகம் இருக்காது, ஆனால் எனக்குப் பாட்டிதான். மூங்கில் குருத்தோ கீரையோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நிற்பாள். உப்போ மண்ணெண்ணெயோ கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டாள். சிலோனில் தொரைக்கு முன்னால் அம்மா அப்படித்தான் நின்றிருப்பாள். தன் முன்னாலும் ஒருத்தி அப்படி நிற்கிறாள் என்பது அம்மாவுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

பணியர்களின் கதை அப்புறம்தான் எனக்குத் தெரிய வந்தது. வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் வள்ளியூர்க்காவு என்று ஒரு பகவதி கோயில். அதன் திருவிழாவில் பணியர்களைப் பணம் கொடுத்து ஒரு வருடத்துக்கு எடுத்துப் போவார்கள். சாமி முன்னால் செய்த ஏற்பாடு, மீற முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். நாங்கள் மலை ஏறியது அதற்கு நான்கு வருடம் கழித்து. அந்தப் பாட்டியின் வாழ்க்கையில் ‘சொந்த நாள்’ என்று ஒன்று தொடங்கியே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி மார்செல் தேக்கேக்கராவும் கூடலூரில் ‘அக்கார்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். காலனி காலனியாகக் கூட்டம் நடந்தது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத ஐந்து இனங்களும் ஒரு சங்கத்துக்குள் வந்தன. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். எங்களுக்கு வந்து சேர்ந்தது இது எதுவும் இல்லை. வந்தது ஒரு வதந்தி: ‘ஆதிவாசிங்க ஒண்ணு சேர்ந்துட்டாங்க, வெளியாளு கையில இருக்கிற நெலத்த எல்லாம் புடுங்கப் போறாங்க.’ சிலோன்காரன், மலையாளி, செட்டி எல்லாரும் டீக்கடைகளில் இதையேதான் பேசினார்கள். ராத்திரி அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

“மறுபடியும் கப்பல்ல ஏத்திருவாங்களோ?”

“எந்த ஊருக்கு ஏத்துவான்? போக்கிடம் இருந்தாத்தானே” என்றார் அப்பா.

1988 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அன்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்றாள் அம்மா. அப்பா, மண்ணெண்ணெய் வாங்கணும் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். மண்ணெண்ணெய் டின்னை எடுக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் படிக்கட்டில் ஏறி நின்றோம். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள்.

முதலில் துடிச் சத்தம். அப்புறம் குழல். அப்புறம் கால்கள். நான் குள்ளம், முன்னால் நின்றவர்களின் இடுக்கில் எனக்குத் தெரிந்தது கால்கள்தான். செருப்பில்லாத கால்கள், விரல் இடுக்கெல்லாம் செம்மண். வந்துகொண்டே இருந்தன. முதுகில் கட்டிய குழந்தைகளின் கால்கள் ஆடின. கோஷம் இருந்தது, ஆனால் கட்சி ஊர்வலங்களில் வருகிற மாதிரி தொண்டை கிழிகிற கோஷம் இல்லை. பழகாத வாய்கள் முன்னால் போகிறவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லின. எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும் என்பதுதான் சாரம்.

அப்பா எண்ண ஆரம்பித்தார். தினமும் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று ஆயுள் முழுக்க எண்ணப்பட்டவர் அவர். ஆள் கூட்டத்தைப் பார்த்தால் எண்ணத் தொடங்கிவிடுவார். வரிசைக்கு நாலு பேர் என்று வைத்து ஆயிரம் வரை போனார். பிறகு விட்டுவிட்டார். பத்தாயிரம் பேர் என்று பிறகு சொன்னார்கள்.

“இத்தன பேரும் இவ்வளவு நாளு எங்க இருந்தாங்க?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அந்த வரிசையில் எங்கள் பாட்டி வந்தாள். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகத்தை முழுசாக அதுவரை பார்த்ததில்லையே. அவள் படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பெரிய சிரிப்பு எல்லாம் இல்லை, கல்யாண வீட்டில் தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிப்போமே, அப்படி. நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் யாரும் வந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் பாட்டி வழக்கம்போல் கீரையோடு வந்தாள். பத்தடி தள்ளி நிற்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஊர்வலத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். டிசம்பர் 5-ஐ ஆதிவாசிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். என்னைக் கவர்ந்தது அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலை. சங்கத்தார் தங்கள் நிலத்தில் தேயிலை நட்டார்கள். கேழ்வரகு விதைத்தால் அறுவடை முடிந்ததும் நிலம் காலி, யார் வேண்டுமானாலும் வந்து கொத்திக்கொள்ளலாம். தேயிலை ஐம்பது வருடம் நிற்கும். தேயிலை நிற்கிற மண்ணிலிருந்து ஒருவனைக் கிளப்புவது எளிதல்ல என்று எஸ்டேட்டுகளைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் எதைக் கொண்டுவந்து அவர்கள் காட்டை எடுத்துக்கொண்டானோ அதையே வேலியாக நட்டார்கள். நாற்றுப்பண்ணைகள் முளைத்தன. அப்பாவிடம் சில பையன்கள் கவ்வாத்து கற்றுக்கொள்ள வந்தார்கள். கத்தியைப் பிடிக்கும் சாய்வு, வெட்டு வாயில் தண்ணீர் நிற்காமல் வழிய வேண்டிய கோணம், எல்லாம் அவர்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் இல்லாமல் அப்பா செய்த ஒரே வேலை அதுதான். அந்த நாட்களில் அவர் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்.

1990-ல் ஆதிவாசிகளுக்காக டவுனில் ஆஸ்பத்திரி வந்தது. அஸ்வினி என்ற அமைப்பு நடத்தியது. காலனிப் பெண்களையே எடுத்து நர்ஸாகப் பயிற்சி கொடுத்தார்கள், 1992-லேயே காப்பீடும் தொடங்கினார்கள். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு ஏழாவதோடு நின்றுபோன மாதிரியான பெண்கள்தான், வெள்ளை உடுப்பில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஸ்டானும் மாரியும் 1990-களின் நடுவில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் ஈஸ்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் வேலை இல்லாமல், மதிப்பு இல்லாமல் ஜனங்கள் இருந்தார்கள் என்று மாரி எழுதினார். கூடலூரிலிருந்து பிரிட்டன் பக்கம் வறுமையைப் பார்க்கப் போனவர்கள் உண்டு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

என் கடைக்கு அந்தச் சங்கத்துப் பையன் ஒருவன் முதன்முதலாக வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்டக்குறும்பப் பையன், இருபது இருபத்திரண்டு வயது. எழுதியே கொண்டு வந்திருந்தான். அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அக்கா, ஒரு வார்த்தைய எடுத்துடுங்க” என்றான்.

“எதை?”

“கருணை. நான் எழுதினதில அது இல்ல. நீங்க போட்டிருக்கீங்க.”

பார்த்தேன். உண்மைதான். கை தானாகப் போட்டுவிட்டது.

“அது இல்லாம மனு நிக்காது தம்பி.”

“நிக்கலேன்னா விழட்டும்.”

முழுத் தாளையும் மறுபடி அடித்தேன். காசு வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாங்கினேன். கடை முதலாளி எதிரில் இருந்தார். அதன் பிறகு கருணையை நான் கேட்டுத்தான் போட்டேன். முக்கால்வாசிப் பேர் போடச் சொன்னார்கள். எங்கள் சிலோன் ஆட்கள் கட்டாயம் போடச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்ட ஜனங்களுக்கு, எதைக் கேட்டாலும் அது தயவாகத்தான் வரும் என்று பழகியிருந்தது.

ஒரே மண்ணில் நாலு பேருடைய நியாயம் நிற்கும்போது யாருக்காகப் போராடுவது என்பதை இயக்கங்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. மனு அடிக்கிறவளுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. காலையில் பணியர் நிலத்தை வெளியாள் ஆக்கிரமித்தார் என்று அடிப்பேன். மதியம் அதே சர்வே எண்ணில், முப்பது வருடமாகக் குடியிருக்கும் எங்களை வெளியேற்றக் கூடாது என்று அடிப்பேன். எல்லாருக்கும் அதே ரிப்பன், அதே கார்பன். திருவிதாங்கூரிலிருந்து உணவு உற்பத்தியைப் பெருக்கு என்று 1940-களில் ஏறி வந்த மலையாளியும் அதே வரிசையில் நின்றான். இவர்கள் எல்லாருக்கும் மேலே, ஆயிரம் ஏக்கர், இரண்டாயிரம் ஏக்கர் என்று வைத்திருந்த எஸ்டேட்டுகளின் சார்பில் ஒரு மனுவும் என் கடைக்கு வந்ததில்லை. அவர்களுக்கு வக்கீல்கள் இருந்தார்கள்.

எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது பச்சைத் தேயிலை விலைதான். சோவியத் யூனியன் உடைந்ததும் நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். கொஞ்ச நாள் தாக்குப் பிடித்து, 1990-களின் கடைசியில் விலை சரிந்தது. 2000-த்தை ஒட்டி கிலோ ஐந்து ரூபாயைச் சுற்றி வந்தது. பறிகூலிக்குக்கூடக் காணாது. குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகிறது, ஃபாக்டரி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, ஏஜெண்ட் ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கிறான் என்று அதுவரை கேட்காதவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஏஜெண்டின் லாரி வரும் முக்கில் படுகர், பணியர், சிலோன்காரர், மலையாளி எல்லாரும் சாக்கு மூட்டையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மறியல் நடந்தது, கொழுந்தை ரோட்டில் கொட்டினார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 2023 செப்டம்பரில்கூடப் படுகர் ஊர்களின் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டுக் கோத்தகிரிப் பக்கம் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நிலத்துக்காகத் தேயிலை வைத்த ஆதிவாசிக்கு விலையும் ஒரு சண்டை என்று விலை சரிந்த அந்த நாட்களில்தான் புரிந்தது. பாட்டியின் மகன் ஒரு நாள் மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் இறக்கினான். “நெலம் வந்துச்சு, வெல போச்சு” என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு, கொழுந்து சூடேறிவிட்டதா என்று பார்த்தார். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

டேன்டீக்குள் போன எங்கள் சொந்தங்களும் தப்பிக்கவில்லை. காட்டை வெட்டி அரசு போட்ட தோட்டம் நட்டத்தில் ஓடி, 2022-ல் 2,152 ஹெக்டேரைக் காட்டிலாகாவுக்கே திருப்பித் தர உத்தரவு வந்தது. வேலை செய்து ஓய்வு பெற்ற ஆட்களுக்குப் போக வீடில்லை. பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடிப் பக்கம் வயதானவர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். அதில் பலரும் கப்பலில் வந்தவர்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்தது பாட்டியைப் பற்றி.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்து, 2007-ன் கடைசி நாளில் அமலானது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. பேப்பர் இல்லாதவர்கள் கிணறு, சுடுகாடு, சாமி இடம் எல்லாவற்றையும் சாட்சியாகக் காட்டலாம். மனுதாரர் அல்லாத ஒரு பெரியவர் வாயால் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சி. பழங்குடிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்ததாகக் காட்டினால் போதும். மற்றவர்களுக்கு மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம். 1979-ல் வந்த எங்களுக்கு அந்தக் கதவு இல்லை. எங்கள் தலைமுறைகள் சிலோன் கணக்கில் போய்விட்டன.

2009-ல் ஒரு மழைநாள். அப்போது கடையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் அது மின்வெட்டுக் காலம். நாளில் பாதி நேரம் ரெமிங்டன்தான். பாட்டி நனைந்துகொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பேரன் கூட வந்திருந்தான். காலனியில் வேறொரு குடும்பத்தின் கோரிக்கைக்கு அவள் பெரியவராகச் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அடித்தேன். அவள் பேச்சு பணிய பாஷை, மலையாளம், தமிழ் மூன்றும் கலந்தது. மனுத் தமிழாக மாற்றுவது என் வேலை. வயது என்ன போட என்றேன். செட்டி வீட்டுக் களத்தில் தன்னை நிறுத்திய வருடம் பெரிய வெள்ளம் வந்தது, அதற்கு முந்தின வருடம் வயசுக்கு வந்தேன் என்றாள். எழுபது என்று அடித்தேன்.

முன்னோரைப் புதைத்த இடம் எங்கே, தெய்வத்துக்கு விளக்கு வைக்கிற கல் எங்கே, ஊற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த நிலத்தின் மேல் எல்லைக்கு வந்தாள்.

“மேல பலா மரம். எங்க மாமனார் வெச்சது. அவரு போனப்ப மரம் என் இடுப்பு ஒசரம்.”

கை நின்றுவிட்டது. அந்தச் சரிவில் ஒரு பலா மரம்தான் உண்டு. இத்தனை வருடமாக எங்கள் வேலிக்குள் நின்றது. கொட்டையைக் கூடச் சுட்டுத் தின்றிருக்கிறோம். அம்மா அதன் அடியில்தான் அம்மிக்கல்லைப் போட்டிருந்தாள்.

“என்ன மோளே? எழுது. நீங்க பழம் தின்ன மரந்தான்.”

அடித்தேன். ‘மேற்படி நிலத்தின் மேல் எல்லையில் உள்ள பலா மரம்.’ ஏன் பாட்டி இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மழை பெய்கிறதா என்று பார்க்கிற மாதிரி வெளியே பார்த்தாள்.

“சொன்னா உங்கப்பன் வேலியப் பிரிச்சிருப்பானா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பிரித்திருப்பார் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

பேரன் தாளை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு விரல் ரேகை மை வாங்கப் போனான். அந்தச் சாட்சியம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத் தடையால் வன உரிமைப் பட்டா கொடுப்பதே பல வருடம் நின்றுபோனது. 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. பாட்டி அதுவரை இருக்கவில்லை.

அன்றைக்கு அவள் உடனே எழுந்திருக்கவில்லை. முந்தானையிலிருந்து இன்னொரு பத்து ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இன்னொண்ணு எழுது.”

“யாருக்கு?”

“உனக்கு. உங்க அம்மைக்கு. நீங்க வந்த வருஷம் அந்த மரம் காய்க்கல. மழை ஜாஸ்தி. உங்கப்பன் கப்பை நட்டான், பன்னி தோண்டிடுச்சு, மறுபடி நட்டான். நான் கீழ நின்னு பாத்தேன். நான் சொல்றேன், நீ எழுது.”

அப்படி ஒரு சாட்சியைச் சட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. பத்து ரூபாயைத் திருப்பித் தந்தேன், வாங்க மறுத்தாள். மெஷினில் தாள் செருகி, கார்பனை நேராக்கி, அனுப்புநர் என்று அடித்தேன். ஐயா போட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று காப்பி எடுத்தேன்.